மானிடவியல் எம்.ஏ. படிக்கலாமா? படித்தவர்கள், களத்தில் இருப்பவர்கள் சொல்லுங்கள்

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். தேனி மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியல் கடைசி வருடம் படிக்கிறேன். வீட்டில் பி.எட். சேரச் சொல்கிறார்கள். எனக்கு மானிடவியல் படிக்க வேண்டும் என்று இருக்கிறது.

கீழடிக்குப் பக்கத்தில் கொந்தகையில் முதுமக்கள் தாழிகளிலிருந்து எடுத்த இரண்டு மண்டை ஓடுகளை வைத்து, மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தில் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2025இல் முகங்களை உருவாக்கிக் காட்டின அல்லவா? அந்தச் செய்தியில் தொடங்கித் தேடிப் படித்துக்கொண்டே போனேன். எலும்பைப் பற்றிப் படிப்பவர்களும், கல்யாண முறை, குலசாமி பற்றிப் படிப்பவர்களும் ஒரே துறையில் எப்படி இருக்கிறார்கள் என்பது இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. அதுதான் இழுக்கிறது.

இதை முன்பு படிக்காமல் நேரே எம்.ஏ. சேர முடியுமா, எங்கே சேரலாம், முடித்த பிறகு வேலை கிடைக்குமா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இன்னொன்றும் உண்டு. முன்பின் தெரியாதவர்களிடம் போய்ப் பேச எனக்குக் கொஞ்சம் தயக்கம். களப்பணி இல்லாமல் இந்தப் படிப்பே இல்லை என்கிறார்கள். அது எப்படி இருக்கும்?

---

அகழி எழுதியது:

விலங்கியல் படித்திருப்பது உங்களுக்குப் பலம், வைகைக்கரை. தமிழ்நாட்டில் இளங்கலையில் இந்தப் பாடம் கிடைப்பதே அரிது. அதனால் முதுகலைக்கு வருகிறவர்கள் எல்லோருமே வேறு எங்கிருந்தாவதுதான் வருகிறார்கள். என்னோடு படித்தவர்களில் வரலாறு, பி.காம்., பொறியியல், நர்சிங் முடித்தவர்கள் எல்லாம் இருந்தார்கள். நான் தமிழ் இலக்கியம். இப்போது முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன்.

துறைக்குள் பொதுவாக நான்கு கிளைகள். உடல்சார் மானிடவியல், சமூக பண்பாட்டு மானிடவியல், தொல்பழங்காலம், மொழி. எங்கே சேர்ந்தாலும் முதல் வருடம் எல்லாவற்றையும் தொட்டுவிட்டுத்தான் போவீர்கள். மனிதனின் உடம்பும் வாழ்க்கையும் ஒன்றை ஒன்று மாற்றிக்கொண்டே வந்திருக்கின்றன, ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றைப் படித்தால் பாதிதான் புரியும் என்ற நம்பிக்கையில் நிற்கும் துறை இது. சில இடங்களில் எம்.ஏ., சில இடங்களில் எம்.எஸ்சி. என்று பட்டம் தருவார்கள்.

ஆய்வக வகுப்பு உங்களுக்குப் பிடிக்கும். உயரம் அளக்கும் நீளக் கம்பி, மண்டையை அளக்க வளைந்த கால்கள் உள்ள கேலிப்பர், முகத்துக்கு நேரான கேலிப்பர். இரண்டிரண்டு பேராக நின்று ஒருவரை ஒருவர் அளக்க வேண்டும். அளக்கும் முன்னால் தலையைச் சரியாக நிறுத்தவே தனிப் பயிற்சி: காதுத் துளையின் மேல் விளிம்பும் கண்குழியின் கீழ் விளிம்பும் ஒரே கிடைக்கோட்டில் வர வேண்டும். அதற்குப் பிராங்க்பர்ட் தளம் என்று பெயர். முகவாய் இரண்டு மில்லிமீட்டர் தூக்கியிருந்தாலும் அளவு மாறிவிடும். ஒரே ஆளை நான்கு பேர் அளந்து நான்கு எண் வரும்போது, ஏன் வந்தது என்று மேசையைச் சுற்றி நின்று பேசுவோம். நான் அறிவியல் கற்றுக்கொண்டது அங்கேதான் என்று சொல்வேன்.

எங்கே படிக்கலாம் என்றால், சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1945இலிருந்து துறை இருக்கிறது. புதுச்சேரி, ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு சி.யூ.இ.டி. முதுகலை நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். எந்தத் தாள் என்பதை அந்தந்த வருட அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். திருப்பதி வெங்கடேஸ்வரா, மைசூர், கண்ணூர் பல்கலைக்கழகங்களும் நமக்கு எட்டுகிற தூரம்தான். வேலை பார்த்துக்கொண்டே படிக்க வேண்டுமென்றால் இக்னோவில் தொலைநிலையில் எம்.ஏ. இருக்கிறது. ஆனால் முடிந்தால் நேரில் போய்ப் படியுங்கள். இந்தப் பாடத்தில் பாதி ஆசிரியரோடு ஊர் ஊராகப் போவதில்தான் இருக்கிறது.

---

கலெக்டர் கனவு எழுதியது:

யூ.பி.எஸ்.சி. எண்ணம் ஏதும் உண்டா? மெயின்ஸில் விருப்பப் பாடம் இரண்டு தாள், தலா 250 மதிப்பெண். மொத்தம் 1750இல் 500 அதுதான். மானிடவியல் பாடத்திட்டம் அளவாக இருக்கும், படம் வரைந்து விளக்கலாம், அறிவியல் பட்டதாரிகளுக்கு ஒத்துவரும். நான் அதைத்தான் எடுத்திருக்கிறேன். அதற்காக எம்.ஏ. தேவையில்லை, நோட்ஸ் வைத்தே தயாராகிவிடலாம்.

---

கணக்கன் எழுதியது:

நான் வேறு துறை. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் என் அக்கா மகள் இதைப் படித்தாள். நல்ல மாணவி, நெட் தேர்விலும் தேறினாள். அதன் பிறகு என்ன? ஆறு மாதத் திட்டம், ஒரு வருடத் திட்டம் என்று ஒப்பந்தத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறாள். கல்லூரிகளில் இந்தத் துறை இருந்தால்தானே உதவிப் பேராசிரியர் பணியிடம் வரும்? படிப்பு மட்டமானது என்று சொல்லவில்லை. அவள் பேசுவதைக் கேட்க எனக்கே ஆசையாக இருக்கும். ஆனால் தேனியிலிருந்து ஒரு பையன் வீட்டை எதிர்த்துக்கொண்டு வருகிறான் என்றால், வேலையைப் பற்றிய உண்மையை முதலில் சொல்லிவிட வேண்டும். சமூகப்பணி படித்தால் பணியிடங்கள் கூடுதல். அதையும் யோசி, தம்பி.

---

அகழி எழுதியது:

கணக்கன் சொல்வது சரி. மூடி மறைக்க எதுவும் இல்லை. கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய மானிடவியல் ஆய்வகம், அதன் மைசூர் மண்டல மையம், அங்கெல்லாம் பணியிடம் வரும், ஆனால் அடிக்கடி வராது. மாநிலத்தில் அருங்காட்சியகக் காப்பாட்சியர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. எப்போதாவது அறிவிப்பு விடும். உதகையில் பழங்குடியினர் ஆய்வு மையம் இருக்கிறது. மற்றபடி பொதுச் சுகாதாரத் திட்டங்கள், தொண்டு நிறுவனங்கள், பயனர் ஆய்வுக்கு ஆள் எடுக்கும் மென்பொருள் நிறுவனங்கள். ஒப்பந்த வேலையில் சில வருடங்கள் போகும் என்று தெரிந்தே வாருங்கள்.

கலெக்டர் கனவு, தேர்வுக்கு நோட்ஸ் போதும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் வைகைக்கரை கேட்பது வேறு படிப்பு.

---

குறிஞ்சி எழுதியது:

நான் எம்.ஏ. முடித்துவிட்டுப் பல வருடங்களாகச் சுகாதார ஆய்வுகளில் வேலை செய்கிறேன், பெரும்பாலும் மலைக் கிராமங்களில். வைகைக்கரை களப்பணி எப்படி இருக்கும் என்று கேட்டாரே, அதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

முதலில் சொல்லித்தருவது வம்சாவளி வரைவது. ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்குச் சமக்குறி, இறந்தவர் மேல் ஒரு சாய்கோடு. அவ்வளவுதான் கருவி. இதை ஒரு முறையாக்கியவர் ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயர், மருத்துவம் படித்தவர். 1901, 1902 வாக்கில் நீலகிரிக்கு வந்து தோடர்களிடம் குடும்பம் குடும்பமாக வம்சாவளி எழுதினார். தோடர்கள் தங்கள் வீட்டில் இறந்தவர் பெயரைச் சொல்ல மாட்டார்கள். அதனால் ஒரு குடும்பத்தின் கதையை அடுத்த குடும்பத்திடம் கேட்டு எழுதினார். நூறு வருடம் தாண்டியும் இன்றைக்கும் களத்தில் அதே சிக்கல்தான். ஜவ்வாது மலையில் ஒரு பாட்டியிடம் வீட்டுக்காரர் பெயரைக் கேட்டால் சிரித்துக்கொண்டே மருமகளைப் பார்ப்பார். மருமகளும் மாமனார் பெயரைச் சொல்ல மாட்டாள். கடைசியில் வெளியே விளையாடிக்கொண்டிருக்கும் பேரன் ஓடி வந்து சத்தமாகச் சொல்லிவிட்டுப் போவான்.

அந்தப் பாட்டியிடம் “பிள்ளைகள் எத்தனை?” என்று கேட்டேன். நான்கு என்றார். நான்கு குறி போட்டேன். கூட வந்திருந்த மூத்த ஆய்வாளர் அக்கா மெதுவாக, “பெற்றது எத்தனை, ஆயா?” என்று கேட்டார். ஏழு. மூன்று பேர் சின்னதிலேயே போய்விட்டார்கள். எந்த வருடம் என்று தெரியாது. ஒன்று பெரிய மழை பெய்து பாதை அறுந்த வருடம், ஒன்று மூத்தவள் வயதுக்கு வந்த வருடம். அடுத்த வீட்டிலும் அப்படியே கேட்டோம். அதற்கடுத்த வீட்டிலும் கேட்டோம். சாயங்காலம் எல்லாத் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்த மழை வருடத்தில் மட்டும் அந்த ஊரில் நிறையச் சாய்கோடுகள். வீட்டிலேயே பிறந்து வீட்டிலேயே போன பிள்ளைகள் என்பதால் எந்தப் பதிவேட்டிலும் அவர்கள் இல்லை.

கேள்வித்தாளைக் கையில் கொடுத்து அனுப்பியிருந்தால் நான்கு என்று எழுதிக்கொண்டு வந்திருப்பேன். எப்படிக் கேட்க வேண்டும், எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்பதை இந்தப் படிப்பு கற்றுத்தருகிறது.

உங்கள் விலங்கியல் எங்கே வருகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் அரிவாள் செல் என்ற பரம்பரை இரத்தக் கோளாறு முதன்முதலில் கண்டறியப்பட்டது நீலகிரிப் பழங்குடிகளிடம்தான், 1952இல். 2023இலிருந்து பழங்குடிகள் அதிகமுள்ள மாநிலங்களில் பெரிய அளவில் பரிசோதனை நடக்கிறது. ஒருவரிடம் அந்த மரபணு இருக்கிறதா என்பது சொட்டு இரத்தத்தில் தெரிந்துவிடும். ஆனால் அதை எழுதிய அட்டை வீட்டுக்கு வந்த பிறகு என்ன நடக்கிறது? யாரிடம் காட்டுகிறார்கள், பெண் பார்க்க வரும்போது ஏன் ஒளித்துவைக்கிறார்கள், அத்தை மகன் மாமன் மகள் கல்யாணம் வழக்கமாக இருக்கிற இடத்தில் “இரண்டு பேருக்கும் இருந்தால் வேண்டாம்” என்று யார் எப்படிச் சொல்வது? இதற்கு மரபியலும் தெரிய வேண்டும், உறவுமுறையும் தெரிய வேண்டும். எலும்பும் குலசாமியும் ஒரே துறையில் எப்படி என்று கேட்டீர்களே, இங்கேதான்.

தயக்கத்தை நினைத்துப் பயப்படாதீர்கள். வாய் ஓயாமல் பேசுகிறவர்களைவிட, கொஞ்சம் கூச்சப்படுகிறவர்களுக்குத்தான் கிராமத்தில் ஆட்கள் பாவம் பார்த்து நிறையச் சொல்வார்கள்.

---

வைகைக்கரை எழுதியது:

குறிஞ்சி அக்கா, உங்கள் பதிவை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். “பெற்றது எத்தனை” என்ற இடத்தில் அம்மா நிறுத்தச் சொன்னார்கள். எனக்கு முன்னால் ஒரு பிள்ளை இருந்து போனது என்று இதுவரை எனக்குத் தெரியாது.

உறவுமுறை பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல முடியுமா? அது நமக்குத் தெரிந்த விஷயம்தானே, அதில் படிக்க என்ன இருக்கும்?

---

அகழி எழுதியது:

நமக்குத் தெரிந்திருப்பதால்தான் சுவையே. பெரியப்பா மகளும் சித்தி மகளும் நமக்கு அக்கா தங்கை. மாமன் மகளும் அத்தை மகளும் கட்டிக்கொள்ளும் முறை. ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே சொல். அமெரிக்காவில் மார்கன் என்ற வழக்கறிஞர் இரோக்வா என்ற பூர்வகுடி மக்களில் ஒரு பிரிவினரான செனெக்காக்களின் உறவுப் பெயர்களைத் தொகுத்துக்கொண்டிருந்தார். மிஷனரிகள் வழியாகத் தமிழ் உறவுப் பெயர்கள் அவர் கைக்குக் கிடைத்தபோது அசந்துபோனார். இரண்டு பட்டியலும் அவ்வளவு ஒத்துப்போயின. 1871இல் அது பெரிய நூலாக வந்தது. உறவுமுறை ஆய்வு என்று ஒரு கிளை பிறந்ததில் நம் அத்தைக்கும் மாமனுக்கும் பங்கு உண்டு. இன்றைக்கும் உலகம் முழுக்க மாணவர்கள் ‘திராவிட உறவுமுறை’ என்று ஒரு வகையையே தனியாகப் படிக்கிறார்கள். மற்ற நாட்டு மாணவர்கள் படம் போட்டு மனப்பாடம் செய்வது நமக்குக் கல்யாண வீட்டுப் பந்தியிலேயே பழகிவிடுகிறது.

---

கன்னியம்மன் பிள்ளை எழுதியது:

இந்த இழையை ஆரம்பத்திலிருந்து படித்துக்கொண்டு வருகிறேன். நான் இருளர். செங்கல்பட்டுப் பக்கம். எங்கள் குடியிருப்பில் முதல் பட்டதாரி. நீங்கள் படிக்கிற பாடத்தில் வருகிற ஆட்கள் நாங்கள். அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் பேசினால் நல்லது என்று எழுதுகிறேன்.

எங்கள் இடத்துக்கு ஆய்வு மாணவர்கள் வருவது புதிதல்ல. வேனில் வந்து இறங்குவார்கள். எத்தனை வீடு, என்ன சாமி, பிணத்தைப் புதைப்பீர்களா எரிப்பீர்களா, பாம்பு பிடிப்பீர்களா, எலி தின்பீர்களா. எங்கள் பாட்டி ஒவ்வொரு முறையும் முதல் முறை கேட்பதுபோலப் பொறுமையாகச் சொல்வார். சூளை வேலைக்குப் போக வேண்டிய நேரத்தில் உட்கார்ந்து சொல்வார். போனவர்கள் என்ன எழுதினார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஒரு பிரதி வந்ததில்லை. மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் நாங்கள் எல்லாம் கூடி, மணலில் குடில் போட்டுக் கன்னியம்மனைக் கும்பிடுவோம். கல்யாணம் பேசுவோம், காது குத்துவோம். விடியற்காலையில் சாமி வருகிற நேரத்தில் பெண்களின் முகத்துக்கு ஓர் அடி தூரத்தில் கேமரா இருக்கும். கேட்டால் ஆவணப்படுத்துகிறோம் என்பார்கள்.

இதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். தாங்க முடியாதது சாதிச் சான்றிதழ். என் தம்பிக்குச் சான்றிதழ் கேட்டுப் போனபோது, விசாரணைக்கு வந்தவர் அப்பாவிடம் பாம்பு பிடிக்கத் தெரியுமா என்று கேட்டார். அப்பா சின்ன வயதிலிருந்து அரிசி ஆலையில் முன்பணத்துக்காகக் கட்டுப்பட்டுக் கிடந்தவர். எங்கே போய்ப் பாம்பு பிடிக்கக் கற்றுக்கொள்வார்? 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அந்தத் தொழிலே ஓய்ந்துபோயிற்று. 1978இல் வடநெம்மேலியில் கூட்டுறவுச் சங்கம் வந்து, விஷம் எடுத்துவிட்டுப் பாம்பைத் திரும்ப விடுகிற வேலை சிலருக்குக் கிடைத்தது. எல்லோருக்கும் இல்லை. அப்புறம் ஒரு பாட்டுப் பாடச் சொன்னார். அப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் ரேடியோவில் கேட்ட சினிமாப் பாட்டு.

அவர் கையில் ஒரு தாளில் அந்தக் கேள்விகள் இருந்தன. அந்தக் கேள்விகளை யார் எழுதிக் கொடுத்தார்கள்? உங்கள் துறையின் பழைய புத்தகங்களில் இருப்பதுதானே அது?

வைகைக்கரை தம்பி மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. படிக்கட்டும். ஆனால் அவர் வேலை கிடைக்குமா, கூச்சம் போகுமா என்று மட்டும் கேட்கிறார். எங்களுக்கு என்ன கிடைக்கும் என்று இந்த இழையில் இதுவரை யாரும் கேட்கவில்லை.

---

கணக்கன் எழுதியது:

படித்து முடித்ததும் சிறிது நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. தம்பிக்குச் சான்றிதழ் கிடைத்ததா?

---

கன்னியம்மன் பிள்ளை எழுதியது:

கிடைத்தது. ஆனால் அந்த வருட ஐ.டி.ஐ. சேர்க்கை முடிந்த பிறகு.

---

அகழி எழுதியது:

கன்னியம்மன் பிள்ளை கேட்ட கேள்விக்குத் துறையில் இருக்கிறவன் என்ற முறையில் நான் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆம், அங்கிருந்துதான் வந்தது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரி உதவியோடு தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். மூக்கின் அகலத்தை நீளத்தோடு ஒப்பிட்டு மனிதர்களை வரிசைப்படுத்திய காலம் அது. மேலே நான் ஆசையாக எழுதினேனே, அந்தக் கேலிப்பரின் கதை அங்கேதான் போய் நிற்கிறது. இன்று அதே மாதிரிக் கருவிகளால் குழந்தைகளின் ஊட்டக்குறைவை அளக்கிறோம், கிடைத்த தொடை எலும்பை வைத்து இறந்தவரின் உயரத்தைக் கணிக்கிறோம். ஆனாலும் முதலில் யாரை, எதற்காக அளந்தார்கள் என்பதைப் படிக்காமல் அதைக் கையில் எடுக்கக் கூடாது. நல்ல ஆசிரியர்கள் முதல் வாரத்திலேயே இதைச் சொல்லித்தருகிறார்கள்.

அரசின் அளவுகோலும் அதே பழைய பார்வைதான். ஒரு சமூகத்தைப் பழங்குடிப் பட்டியலில் சேர்ப்பதற்கு 1965இல் லோகூர் குழு வகுத்த ஐந்து அடையாளங்களில், ஆதிகாலத் தன்மையும் வெளியாரோடு பழகக் கூச்சமும் உண்டு. இந்த இழையில் இவ்வளவு தெளிவாக எழுதுகிற ஒருவரை அந்த அளவுகோல் எங்கே வைக்கும்? அதே குழு நரிக்குறவர்களைச் சேர்க்கலாம் என்று அப்போதே சொன்னது. சட்டமாக வந்தது 2023 ஜனவரியில்.

சான்றிதழ் விசாரணைக்கு இன்னொரு வேரும் உண்டு. போலிச் சான்றிதழ்களைத் தடுப்பதற்காக 1994இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு நடைமுறையை வகுத்தது. சடங்கு, தெய்வம், திருமண முறை, இறப்புச் சடங்கு ஆகியவற்றைக் கேட்டறிந்து சரிபார்க்கச் சொன்னது. போலிகள் பறித்தது உண்மையான பழங்குடிகளின் இடத்தைத்தான் என்பதால் நோக்கம் நியாயமானது. நடைமுறையில் அது அரிசி ஆலைத் தொழிலாளியைப் பாடச் சொல்வதில் வந்து முடிந்தது. 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே, இந்தப் பண்பாட்டு ஒப்புமைச் சோதனையை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது, இடம்பெயர்வாலும் நவீன வாழ்க்கையாலும் அந்த அடையாளங்கள் மாறியிருக்கலாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. சான்றிதழுக்காக அலைகிறவர்கள் இந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் வேறுபடுகிறேன். விசாரணைக்கு வருகிறவர் நல்ல மானிடவியல் படித்தவராக இருந்திருந்தால் பாம்பு பிடிக்கத் தெரியுமா என்று கேட்டிருக்க மாட்டார். உங்கள் அப்பாவின் வம்சாவளியை வரைந்திருப்பார். யார் வீட்டில் பெண் எடுத்தார்கள், எந்த ஊரிலிருந்து எந்த ஆலைக்குப் போனார்கள் என்று கேட்டிருந்தால் ஒரு மணி நேரத்தில் எல்லாம் தெரிந்திருக்கும். துறை வேண்டாம் என்ற முடிவுக்கு இது என்னைக் கொண்டுபோகவில்லை. நல்ல ஆட்கள் இன்னும் நிறைய வேண்டும் என்றுதான் தோன்றுகிறது.

---

கன்னியம்மன் பிள்ளை எழுதியது:

தீர்ப்பைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி. எங்கள் சங்கத்தில் இதைத் தமிழில் ஒரு பக்கமாக எழுதி வைத்துக்கொள்கிறோம்.

நல்ல ஆட்கள் வேண்டும் என்கிறீர்கள். எங்கள் பிள்ளைகளே அந்த ஆட்களாக ஏன் வரக்கூடாது? 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பழங்குடிகள் ஏறக்குறைய 7.95 லட்சம் பேர். எங்களில் எத்தனை பேர் உங்கள் துறைகளில் மாணவர்களாக உட்கார்ந்திருக்கிறார்கள்?

---

வடமராட்சி எழுதியது:

யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். இலங்கையில் மானிடவியலுக்கென்று தனித்துறை கிடைப்பது அரிது. பெரும்பாலும் சமூகவியல் துறைக்குள்ளேதான் படிப்பிக்கிறார்கள். நானும் அப்படித்தான் படித்தேன்.

கன்னியம்மன் பிள்ளையின் கேள்வி எங்களுக்கும் நெருங்கிய கேள்வி. போர் முடிந்த பிறகு வெளிநாட்டிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வந்த ஆய்வாளர்கள் ஒரே தாயிடம் ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். காணாமற்போன பிள்ளையைப் பற்றிச் சொல்லிச் சொல்லி அந்தத் தாய் களைத்துப்போனாள்.

ஆனால் எங்களிடமிருந்தே போன ஆட்களும் உண்டு. ஸ்டான்லி தம்பையா இலங்கைத் தமிழர். ஹார்வர்டில் பேராசிரியராக இருந்தவர். 1956இல் இளம் விரிவுரையாளராகச் சிங்கள, தமிழ் மாணவர்களோடு கிழக்கிலங்கையில் கல்லோயாக் குடியேற்றப் பகுதியில் ஆய்வுக்கு நின்றபோது அங்கே கலவரம் வெடித்தது. பிறகு தாய்லாந்துக்குப் போய்ப் பௌத்தத்தை ஆராய்ந்து உலகப் பெயர் பெற்றார். 1983 கலவரத்துக்குப் பிறகுதான் தன் சொந்த நாட்டின் வன்முறையைப் பற்றி எழுதத் திரும்பி வந்தார். வாலன்டைன் டேனியலும் அப்படித்தான். மலையகத் தோட்டப் பெண்களின் பாட்டுகளைச் சேகரிக்க 1983இல் வந்தவரிடம் ஆட்கள் கலவரத்தைப் பற்றித்தான் பேசினார்கள். சேகரிக்க வந்ததை விட்டுவிட்டு அதைக் கேட்டு எழுதினார்.

வைகைக்கரைக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். நீர் ஒரு தலைப்போடு போவீர். ஆட்கள் தங்களுக்கு வேண்டியதைச் சொல்லுவினம். அதைக் கேட்க மனமிருந்தால் இந்தப் படிப்பு உமக்குச் சரி வரும்.

---

குறிஞ்சி எழுதியது:

நடைமுறை விஷயம் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். களக்குறிப்பு. பகலில் சின்ன நோட்டில் நாலு சொல் எழுதிக்கொண்டு, அன்றிரவே விரித்து எழுதிவிட வேண்டும். மறுநாளைக்கு வைத்தால் பாதி போய்விடும். எழுதியதை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். மானிடவியலாளர் எம்.என். சீனிவாஸ் 1948இல் மைசூர்ப் பக்கம் ராம்புரா கிராமத்தில் தங்கி எழுதிய குறிப்புகளைப் பல வருடம் உழைத்து ஒழுங்குபடுத்தி வைத்திருந்தார். அந்தப் படிகள் மூன்றும் ஒரே அறையில் இருந்தன. 1970 ஏப்ரலில் ஸ்டான்போர்டில் அவர் இருந்த மையத்துக்கு யாரோ தீ வைத்ததில் மூன்றும் எரிந்தன. அதன் பிறகு அந்த ஊரைத் தன் நினைவிலிருந்து எழுதினார். அப்படி எழுதியதுதான் அவருடைய புகழ்பெற்ற நூல். எல்லோராலும் அது முடியாது.

கன்னியம்மன் பிள்ளை கேட்டது மனதை விட்டுப் போகவில்லை. எங்கள் குழுவில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். அறிக்கை முடிந்ததும் தமிழில் சுருக்கி, பேசியவர்களைக் கூட்டி வைத்து வாசித்துக் காட்டுகிறோம். “இப்படி நான் சொல்லவே இல்லையே” என்று எழுந்து சொல்வார்கள். திருத்துவோம். அரை நாள் பிடிக்கும். திட்டச் செலவில் இதற்குப் பணம் ஒதுக்க மாட்டார்கள், நாமே சண்டை போட்டு வாங்க வேண்டும். முதுகலை ஆய்வேடு எழுதுகிற மாணவரும் இதைச் செய்ய முடியும். ஆய்வேடு ஆங்கிலத்தில் இருந்தாலும் ஐந்து பக்கத் தமிழ்ச் சுருக்கம் எழுத யாரும் தடை சொல்ல மாட்டார்கள்.

---

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கன்னியம்மன் பிள்ளை அண்ணா, நீங்கள் கேட்டதை அப்பாவிடமும் பேசினேன். அவர் கம்பம் பக்கம் தோட்டங்களில் மேஸ்திரியாக இருந்தவர். பளியர் பழங்குடிக் குடும்பங்களோடு வேலை செய்திருக்கிறார். சான்றிதழ் இல்லாமல் பள்ளியிலிருந்து நின்ற பிள்ளைகளை அவருக்கே தெரியும். இது படிப்பில் வருமா என்று கேட்டார். வரும் என்றேன். விண்ணப்பக் கட்டணம் தருவதாகச் சொல்லிவிட்டார். சென்னை, புதுச்சேரி இரண்டுக்கும் போடப் போகிறேன். இரண்டும் கிடைக்காவிட்டால் இந்த வருடம் பி.எட்., அடுத்த வருடம் திரும்ப முயற்சி என்று பேசி வைத்திருக்கிறோம்.

சேர்வதற்கு முன்னால் தமிழில் ஏதாவது படிக்கலாமா?

---

அகழி எழுதியது:

பக்தவத்சல பாரதியின் ‘பண்பாட்டு மானிடவியல்’ நூலிலிருந்து தொடங்குங்கள். தமிழில் இந்தத் துறைக்கு அடிப்படை போட்டவர்களில் முக்கியமானவர். ஆங்கிலப் பாடநூல்களுக்குப் போகும்போது அது கை கொடுக்கும். சென்னை வந்தால் எழும்பூர் அருங்காட்சியகத்தின் மானிடவியல் பகுதிக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். கூடவே யார் சேகரித்தது, யாரிடமிருந்து வாங்கியது என்று ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டியின் முன்னாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

---

கன்னியம்மன் பிள்ளை எழுதியது:

நல்லது, தம்பி. அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். எங்கள் சங்கத்தில் பிளஸ் டூ முடித்த இரண்டு பெண்கள் கல்லூரியில் என்ன எடுக்கலாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இந்த இழையை அவர்களுக்கு அனுப்பியிருக்கிறேன். குறிஞ்சி அக்கா, அவர்கள் ஏதாவது கேட்டால் பதில் சொல்லுங்கள்.

---

குறிஞ்சி எழுதியது:

கட்டாயம். தனிமடலிலும் எழுதச் சொல்லுங்கள். எந்தப் பட்டம் எடுத்தாலும் எம்.ஏ.வுக்கு வரலாம், அதனால் இப்போதைக்குப் பிடித்ததை எடுக்கட்டும்.

வைகைக்கரை, விண்ணப்பம் போட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். உங்கள் வீட்டு வம்சாவளியை வரையுங்கள், அம்மா பக்கம் மூன்று தலைமுறை, அப்பா பக்கம் மூன்று தலைமுறை. அம்மாவிடம் மெதுவாகக் கேளுங்கள், அவர்கள் நிறுத்தினால் நீங்களும் நிறுத்திவிடுங்கள். வரைந்ததை இங்கே போட்டால் நானும் அகழியும் பார்த்துத் திருத்தித் தருகிறோம். போடும்போது பெயர்களை எடுத்துவிட்டுக் குறிகளை மட்டும் போடுங்கள். வீட்டில் எல்லோரிடமும் கேட்டுவிட்டுப் போடுங்கள்.